பூர்வீகம் தேடும் பயணங்களும் கைத்தொலைபேசியும்

கோடை விடுமுறை தொடங்கியதும் பாரிசின் வடபுறத்துப் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்தும் அதன் அயல் நகரங்களிலிருந்தும் பல தமிழ்க் குடும்பங்கள் தாயகம் நோக்கிப் புறப்படுகின்றன. ஆர்.ஈ.ஆர். டி தொடருந்தில் ஏறி லாச்சப்பலுக்குச் சென்று உறவினருக்கான பொருட்களை வாங்கி வந்து, அண்மையிலுள்ள ரொய்சி விமான நிலையத்தில் விமானம் ஏறுகின்றன. ஒரு சாரார் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு ஆகிய இடங்களுக்கும், இன்னொரு சாரார் புதுச்சேரி, காரைக்கால் ஆகிய இடங்களுக்கும் செல்கின்றனர். நல்லூர்க் கந்தன் ஆலயத்தின் 25 நாள் திருவிழாவும் இக்காலத்தை ஒட்டியே வருகின்றது.

திரும்பி வரும்போது ஒவ்வொருவரின் கைத்தொலைபேசியிலும் நூற்றுக்கணக்கான படங்கள் நிறைந்திருக்கின்றன. தேர், கடற்கரை, திருமண விருந்து, உறவினர் கூட்டம் என அனைத்தும் உண்டு. ஆனால் அப்படத்தில் நிற்கும் முதியவர் எந்த வழியில் உறவு, அவர் நிற்கும் வளவு யாருடைய முதுசம், அவருடைய தாயின் பெயர் என்ன என்று வினவினால் பிள்ளைகளுக்கு விடை தெரிவதில்லை. படம் இருக்கின்றது, பெயர் இல்லை. இன்னும் இருபது ஆண்டுகளில் அந்தப் படத்தைப் பார்ப்போருக்கு அவர் யாரோ ஒரு முதியவர் மட்டுமே.

கையடக்கக் கருவியை எடுத்துச் சென்று குடும்ப வரலாறு தேடுவது மேலை நாட்டவரிடையே புதிய வழக்கமன்று. 1996 ஆம் ஆண்டில் பாம் பைலட் என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்த பின்னர், தமது வம்சாவளித் தரவுகளை அதில் ஏற்றிக்கொண்டு ஆவணக் காப்பகங்களுக்கும் கல்லறைத் தோட்டங்களுக்கும் சென்றோர் பலர். அவர்களில் பலருக்கு அது ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு. புலம்பெயர் தமிழருக்கோ அது பொழுதுபோக்கன்று. போரினாலும் இடப்பெயர்வினாலும் எழுத்துச் சான்றுகளைப் பெருமளவில் இழந்த ஒரு சமூகத்துக்கு அது காலம் தாழ்த்தாமல் ஆற்ற வேண்டிய கடமையாகும்.

ஆவணத்தில் உறைந்துபோன பெயர்கள்

தமிழர் பெயரிடும் முறைக்கும் ஐரோப்பிய நிர்வாக முறைக்கும் இடையிலுள்ள முரண்பாடே இச்சிக்கலின் முதற்காரணம் எனலாம். தமிழர் மரபில் தலைமுறை தோறும் முதலெழுத்து மாறுகின்றது. மாறாத குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலான குடும்பங்களில் இல்லை.

எடுத்துக்காட்டாக, கந்தையா என்பவரின் மகன் சிவலிங்கம் என்று கொள்வோம். பிரான்சில் குடும்பப் பெயர் கேட்கப்படும்போது தந்தையின் பெயராகிய கந்தையா அந்த இடத்தில் பதியப்படுகின்றது. அவருடைய பிள்ளைகளும் கந்தையா என்றே அழைக்கப்படுகின்றனர். பாட்டனின் பெயர் அவர்கள்மீது நிலையாக உறைந்துவிடுகின்றது. கனடாவுக்குச் சென்ற சிவலிங்கத்தின் தம்பி, தமது பிள்ளைகளுக்குத் தமது பெயரையே குடும்பப் பெயராக்குகின்றார். இலண்டனில் வாழும் தங்கையின் பிள்ளைகள் அவருடைய கணவரின் தந்தை பெயரைச் சுமக்கின்றனர். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளுக்கு மூன்று நாடுகளில் மூன்று குடும்பப் பெயர்கள். குடும்பப் பெயரை முதன்மைத் திறவுகோலாகக் கொண்டு இயங்கும் வம்சாவளி மென்பொருள் எதுவும் இவர்களை ஒரே குடும்பமாகத் தானாகக் கண்டறியப் போவதில்லை.

அகதியாக ஏற்கப்பட்டோரின் நிலை இன்னும் இறுக்கமானது. 1952 ஆம் ஆண்டில் பிரான்சில் உருவாக்கப்பட்ட அகதிகள் மற்றும் நாடற்றோர் பாதுகாப்பு அலுவலகமாகிய ஒஃப்ரா, பிறப்புச் சான்றிதழுக்கு ஈடான ஆவணத்தை அவர்களுக்கு வழங்குகின்றது. பிறந்த நாள், பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு அந்த ஆவணத்தின் வம்சாவளி முடிந்துவிடுகின்றது. மேலும், அகதிப் பயணப் பத்திரத்துடன் தாயகத்துக்குச் செல்ல முடியாது. எனவே பூர்வீகத்தை நன்கறிந்த மூத்தவர் பாரிசில் இருக்க, அதனை அறியாத, ஆயினும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ள இளையவரே பயணம் செய்யும் நிலை பல குடும்பங்களில் ஏற்பட்டுள்ளது. இவ்விருவரையும் இணைக்கும் பாலமாக அமையக்கூடியது பயணியின் கையிலுள்ள கைத்தொலைபேசியேயாகும். ஊரில் எடுக்கப்பட்ட ஒரு பழைய படத்தை அக்கணமே பாரிசிலுள்ள அம்மம்மாவுக்கு அனுப்பி, "இது யார்?" என்று கேட்டு, அவர் கூறும் விடையைக் குரலாகவே சேமித்துக்கொள்ள முடியும்.

சான்று இல்லாமையின் விலை

வம்சாவளிச் சான்று வெறும் குடும்பப் பெருமைக்குரிய பொருளன்று என்பதைத் தமிழர் தமது சொந்த வரலாற்றிலேயே கண்டுள்ளனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாவதற்குத் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழருள் பெரும்பாலானோரால் அதனை எழுத்தில் நிறுவ இயலவில்லை. ஒரு சமூகமே நாடற்றதாக்கப்பட்டது. அநீதி சட்டத்திலேயே இருந்தது. ஆயினும் அது செயற்பட்ட விதம், பூட்டனின் பிறப்புக்குக் காகிதச் சான்று கேட்பதாகவே அமைந்தது.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004 ஆம் ஆண்டில் ஆழிப்பேரலையும் 2009 ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலும் எத்தனையோ குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளை இல்லாமற் செய்தன. போர் முடிந்த பின்னர் வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, உறுதிப் பத்திரமும் உரிமைத் தொடர்ச்சியும் எவ்வளவு இன்றியமையாதவை என்பது மீண்டும் உணரப்பட்டது.

ஒரே தொடருந்தில் இரு ஆவண மரபுகள்

வில்லியே லே பெல்லிலும் அதனைச் சூழ்ந்த சார்செல், கார்ஜ் ஆகிய நகரங்களிலும் ஈழத்தமிழரோடு புதுச்சேரித் தமிழரும் வாழ்கின்றனர். பூர்வீகத் தேடலில் இவ்விரு சாராரின் நிலையும் ஒன்றல்ல.

பிரெஞ்சிந்தியாவில் 1881 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் நாளைய ஆணையின்படி, தமது மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்றோர், நிலையான குடும்பப் பெயரொன்றையும் ஏற்றுப் பதிந்தனர். 1956 ஆம் ஆண்டு மே 28 ஆம் நாள் கையெழுத்தாகி, 1962 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பை வழங்கியது. இவை யாவும் காகிதத்தில் பதிந்தவை. எக்ஸ் அன் புரோவான்சு நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம், பிரெஞ்சிந்தியப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் ஒரு பகுதியை இணையத்தில் கட்டணமின்றிப் பார்வைக்கு வைத்துள்ளது. பிறப்பு, திருமணப் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வையிடுவதற்கான காத்திருப்புக் காலத்தை 2008 ஆம் ஆண்டின் சட்டம் 100 ஆண்டுகளிலிருந்து 75 ஆண்டுகளாகக் குறைத்தது. காரைக்காலில் வாழ்ந்த பூட்டனின் திருமணப் பதிவைத் தேட விரும்பும் ஒருவர், அதனைத் தொடருந்தில் அமர்ந்தவாறே கைத்தொலைபேசியில் தொடங்கலாம்.

ஈழத்தமிழருக்கு அத்தகைய ஒரே வாயில் இல்லை. ஆனால் அவர்களிடம் சான்றே இல்லை என்று கருதுவது தவறாகும். சான்றுகள் வேறு வடிவங்களில், வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

முதலாவது, இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பதற்கு அதில் தனி நிரல் உண்டு. பெற்றோரின் பிறப்புச் சான்றிதழின் முழுமையான பிரதியைப் பெறுபவர், பூட்டன் வரை சென்றுவிடுகின்றார். குடும்பத்தில் எவரும் அந்நிரலை வாசித்திருப்பதில்லை என்பதே வியப்பு.

இரண்டாவது, காணி உறுதி. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. ஒரு காணி எவ்வழியில் உரிமையாளருக்கு வந்தது என்பதை உறுதி விவரிக்கின்றது. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக இறங்கிய காணியின் உறுதிகளை வரிசைப்படுத்தினால், ஐரோப்பிய ஆவணங்கள் முற்றாக மறைத்துவிடும் பெண்வழி வம்சாவளி வெளிப்படுகின்றது. காணியின் பெயரும், எல்லைகளில் குறிக்கப்படும் அயலவர் பெயர்களும் கூடுதல் சான்றுகளாகும்.

மூன்றாவது, மரண அறிவித்தலும் கல்வெட்டும். "காலஞ்சென்றவர்களான இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும்" என்று தொடரும் நாளிதழ் அறிவித்தல், உலகில் வேறெந்தச் சமூகமும் பொறாமை கொள்ளத்தக்க ஒரு வம்சாவளி அட்டவணையாகும். 31 ஆம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலரில் பிறந்த ஊர், கல்வி, மணவினை, மக்கள் என முழு வரலாறும் பதிவாகின்றது. 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பெருந்தொகையாகப் பேணப்படுகின்றன. பல வீடுகளிலோ அவை அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன.

கருவியால் ஆவதும் ஆகாததும்

கைத்தொலைபேசி சிறந்த நகலெடுக்கும் கருவி. உறுதியையோ பழைய படத்தையோ உரிமையாளரின் வீட்டை விட்டு வெளியே கொண்டு செல்லாமலே பதிந்துகொள்ளலாம். நிழலில், சமதரையில் வைத்து, மின்னொளி பாய்ச்சாமல், முழுப் பக்கத்தையும் பின்னர் பகுதிகளையும் எடுத்தல் நலம். படத்தின் பின்புறத்தையும் எடுக்க வேண்டும், ஏனெனில் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். குரற்பதிவைத் தொடங்குமுன் நாள், இடம், பேசுபவர் பெயர் ஆகிய மூன்றையும் சொல்லிப் பதிதல் வேண்டும். ஊர்களில் இணைய இணைப்பு எப்போதும் கிடைக்கும் என்று நம்பாமல், வம்சாவளித் தரவைக் கருவியிலேயே சேமித்துச் செல்வது பாதுகாப்பானது.

தரவை எந்த வடிவத்தில் வைப்பது என்பதும் முக்கியமானது. 1984 ஆம் ஆண்டில் உருவான ஜெட்கொம் என்னும் பொது வடிவத்தைப் பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்கள் ஏற்கின்றன. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பு ஒருங்குறியையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஆகவே பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும். பிரெஞ்சு, ஆங்கில எழுத்துக்கூட்டல்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். "வள்ளியம்மை" என்ற ஒரே பெயர் மூன்று நாடுகளின் ஆவணங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தாலும், தமிழில் அது ஒன்றே. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய நினைவு மலர்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாவிடின், எந்தத் தேடலிலும் அவை அகப்படமாட்டா.

கருவியால் ஆகாதது ஒன்றுண்டு. அது கேள்வி கேட்காது. பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இன்று தமிழிலும் உள்ளன, ஆயினும் ஊர்ப்பெயரையும் குறிச்சிப் பெயரையும் அவை பிழையாக எழுதுவதுண்டு. "பெறாமகன்", "ஒன்றுவிட்ட தமையன்", "மச்சாள்" என்ற சொற்களின் உறவு வழியை, முறை அறிந்த ஒருவரே சரியாகப் பிரித்தறிவார். பிரெஞ்சு மொழியின் ஒற்றைச் சொல்லுக்குள் மாமாவையும் சித்தப்பாவையும் பெரியப்பாவையும் அடக்கிப் பதிந்தால், தாய்வழியும் தந்தைவழியும் குழம்பிப்போகும். எனவே ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், உறவு முறை என்ற ஐந்தும் தமிழில் இருத்தல் வேண்டும். குடும்பப் பெயரால் இணைக்க முடியாத உறவுகளை இவ்வைந்தும் இணைத்துவிடும்.

எழும் ஐயங்கள்

வம்சாவளி ஆய்வு சாதிப் பெருமையை வளர்க்கும் என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. திருமணப் பேச்சுகளில் பூர்வீகம் எதற்காக விசாரிக்கப்படுகின்றது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் சாதியைக் கணக்கிடுவோருக்கு எந்த மென்பொருளும் தேவைப்பட்டதில்லை. அவர்கள் அதனை வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாகக் கடத்தி வந்துள்ளனர். எழுதப்படாமல் மறைந்துபோவது பெண்களின் பெயர்களும், காணி உறுதியில்லாத உழைப்பாளர்களின் பெயர்களுமே. வம்சாவளியில் சாதிக்கென ஒரு நிரலை வைக்காமல் விடுவதும், தாய்வழியைத் தந்தைவழிக்குச் சமமாகப் பதிவதும், காணியற்ற குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை அதே கவனத்தோடு சேகரிப்பதும் இவ்வச்சத்துக்குரிய விடையாகும்.

பாதுகாப்பு இன்னொரு ஐயம். கைத்தொலைபேசியால் எடுக்கப்படும் படத்துடன் எடுத்த இடத்தின் புவியியற் குறியீடும் சேமிக்கப்படலாம். காணியையும் கிணற்றையும் பின்னர் அடையாளங்காண இது பேருதவி புரியும். அதேவேளை, காணாமற்போன மகனைப் பற்றிப் பேசிய ஒரு தாயின் படத்தோடு அவ்விடக் குறியீடு பொதுவெளிக்குச் செல்வது அவருக்குத் தீங்காக முடியலாம். உயிருடன் இருப்போரின் விபரங்களைப் பொதுத் தளங்களில் ஏற்றாமலிருப்பதும், பகிருமுன் இடக்குறியீட்டை நீக்குவதும், பேசுபவரின் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே கேட்பதும் கட்டாயமாகும். சில மூத்தவர்கள் சில ஆண்டுகளைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. அந்த மௌனத்தை மதிப்பதும் இவ்வாய்வின் ஒரு பகுதியே.

அயலவர் காட்டும் வழி

வில்லியே லே பெல்லுக்கு அடுத்துள்ள ஆர்னுவில் நகரில் 1920 களிலிருந்தே ஆர்மேனியர் வாழ்கின்றனர். இரு நகர்களும் ஒரே தொடருந்து நிலையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 1915 ஆம் ஆண்டின் இனப்படுகொலையில் ஊர்களை இழந்த அம்மக்கள், உலகெங்கும் சிதறிய பின்னர் தத்தமது ஊர்களின் நினைவு நூல்களை எழுதினர். வீதிகள், குடும்பங்கள், தொழில்கள், உணவு வகைகள் என அனைத்தையும் தப்பியோரின் நினைவிலிருந்தே தொகுத்தனர். அந்த நூல்களின் பெயரையே தாங்கி 2010 ஆம் ஆண்டில் பெர்லினில் தொடங்கப்பட்ட ஹூஷமாதியான் திட்டம், அவ்வூர்களின் வாழ்வை இணையத்தில் மீளமைத்து வருகின்றது. அம்முதல் தலைமுறை பேனாவையும் தாளையும் மட்டுமே கொண்டு எழுதி வைத்திராவிடின், பின்வந்தோரிடம் மீளமைப்பதற்குப் பொருள் ஏது?

ஈழத்தமிழரின் முதற்தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கின்றது. 1980 களில் இருபது வயதில் பாரிசுக்கு வந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களுடைய பெற்றோரில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஒவ்வொரு ஆண்டும் லாச்சப்பலின் சுவர்களில் ஒட்டப்படும் மரண அறிவித்தல்கள், மூடப்பட்டுவிட்ட ஆவணக் காப்பகங்களின் பட்டியலாகவே கொள்ளத்தக்கவை.

ஆகவே தமிழ்ச் சங்கங்களும், ஊர்ச் சங்கங்களும், தமிழ்ப் பாடசாலைகளும் இதனைத் தனிமனித ஆர்வமாக விட்டுவிடாமல் பொதுப்பணியாக ஏற்றல் வேண்டும். கோடை விடுமுறைக்கு முன்னர் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கப் படிவமொன்றை வழங்கலாம். இரு வழியிலும் பூட்டன் பூட்டி வரையான பெயர்களையும் ஊர்களையும் நிரப்பி வருவது விடுமுறைப் பணியாக அமையலாம். கணினித்துறை சார்ந்த இளைஞர்கள், முதியோருக்கு நகலெடுப்பிலும் ஒருங்குறி மாற்றத்திலும் உதவலாம். பதிவுகளின் ஒரு பிரதி பாரிசிலும், ஒரு பிரதி வேறொரு நாட்டிலுள்ள உறவினரிடமும், ஒரு பிரதி ஊரிலுள்ள குடும்பத்திடமும் இருத்தல் வேண்டும். ஒரே இடத்தில் வைத்ததை ஓர் இரவில் இழக்கலாம் என்பதை 1981 கற்பித்துள்ளது.

விமானச் சீட்டு வாங்கியாயிற்று, பெட்டிகளும் நிறைந்துவிட்டன. புறப்படுமுன் பாரிசிலேயே இருக்கப் போகும் அம்மம்மாவின் அருகில் ஒரு மணி நேரம் அமர்ந்து, அவருடைய அம்மம்மாவின் பெயரைக் கேட்டுப் பதிந்துகொண்டால், அப்பயணம் அன்றே தொடங்கிவிடும்.